ஸ்டீம் டிரையரும் அசைவ வேட்டியும்

சிதம்பரம் மேலவீதியில் முதன்முதலாக ஸ்டீம் டிரையர் வாங்கியவர் என்ற பெருமையைச் சபாநாயகம் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டாவதாக வாங்க யாரும் முன்வராததால் அந்தப் பெருமைக்கு ஆபத்தும் வந்ததில்லை.

இன்று காலை வரை.

“உள்ள போச்சு சார். வெளிய வரல” என்றாள் தாட்சாயிணி.

வடக்கு வீதியில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது துப்பறியும் செம்பியனின் அலுவலகம். ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. ஜன்னல் கம்பியில் செம்பியனின் சட்டைகள், ஆணியில் ஒரு பேன்ட், நாற்காலி முதுகில் ஒரு பனியன் என்று அலுவலகமே ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பனியனுக்குச் சொந்தக்காரன் அன்பரசு. செம்பியனின் மனைவிக்குத் தம்பி. அக்காவுக்குச் சீர் வந்த லாரியிலேயே ஏறி வந்தவன், இறங்கிப் போகாமல் உதவியாளன் ஆகிவிட்டான்.

“என்னாது உள்ள போச்சு?” என்றான் அன்பரசு.

“கூறப்பொடவ. நாளைக்கு விடியக்காலைல எனக்குக் கல்யாணம்.”

தாட்சாயிணி அண்ணாமலை நகரில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விஷயத்தை அறிக்கை போலவே சொன்னாள். கூறைப்புடவையைத் தில்லைக்காளி கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பட்டு தொப்பலாகிவிட்டது. கொடியில் போட வெயில் இல்லை, அயர்ன் கடையில் கொடுக்கத் தைரியம் இல்லை. வாசலில் நின்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது எதிர்வீட்டுச் சபாநாயகம் குடையோடு வந்து, தெருவே கேட்கும்படி, ‘என் இல்லத்தில் ஸ்டீம் டிரையர் இருக்கையில் கலக்கம் எதற்கு?’ என்று புடவையை வாங்கிப் போனார். பட்டு என்பதால் இரண்டு நாள் ஆகும் என்றார். இன்று காலை கேட்டால், டிரையருக்குள் வைத்திருந்த புடவையைக் காணோம், வேலைக்காரி எடுத்துவிட்டாள் என்கிறார்.

“யாரு அந்த வேலக்காரி?”

மாடிப்படியில் நின்றிருந்த பெண் முந்தானையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். “நான்தான் சார். லோகநாயகி. சாயங்காலத்துக்குள்ள பொடவ வரலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்றாரு. இத்தினி வருஷத்துல அந்த வூட்டுல ஒரு கரண்டி காணாம போனதில்ல. நாளைக்கி என்னை எவ சார் வூட்டுக்குள்ள சேப்பா?”

“அக்கா எடுத்திருக்க மாட்டாங்க சார்” என்றாள் தாட்சாயிணி. “எங்கம்மா வேற பொடவ வாங்கிக்கலாம்னு அழுவுறாங்க. எனக்கு இவுங்க பேரும் வேணும், என் பொடவயும் வேணும்.”

செம்பியன் ஈரச்சட்டை ஒன்றை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். “மச்சான், கெளம்பு.”

“எனக்கு ஒரு சந்தேகம் மாமா. துணி காயற மிஷின்ல துணி காணாம போச்சு. அப்ப சோறு வடிக்கிற மிஷின்ல...”

“நட.”

*

சபாநாயகம் வீட்டு ஹாலில் சோபா ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுநாயகமாக டிரையர் நின்றது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்து என்று எதைச் சொல்லலாமோ அங்கே ஒரு சாமந்தி மாலை. அடியில் திருஷ்டி எலுமிச்சம்பழம். சுற்றிச் சீரியல் லைட். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். பொன்னாடை வாங்கும் சபாநாயகம், போர்த்தும் சபாநாயகம், ஒரே பொன்னாடையை ஒரு படத்தில் வாங்கி அடுத்த படத்தில் போர்த்தும் சபாநாயகம்.

“வருக, வருக! நீதியின் ஒளிவிளக்கே வருக!” என்று கை கூப்பினார் அசல் சபாநாயகம். ஆன்மிகச் செம்மல், வீதி நலச்சங்கத் தலைவர், விழா என்றால் தலைமை, விழா இல்லையென்றால் ஏற்பாடு. பட்டுவேட்டியின் ஜரிகைக் கரை தெரியும்படி ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நிற்பது அவர் பழக்கம். ஜவ்வாது வாசனை ஆளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது.

கூடவே ஒரு பூனையும் வந்தது. அவர் கால்களுக்கிடையில் புகுந்து, வேட்டிக் கரையில் முகத்தைத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ‘குர்ர்’ என்றது.

“உங்க பூனையா சார்?” என்றான் அன்பரசு.

“இல்லை தம்பி. உயிர்கள் என்னை நாடி வருகின்றன. தெருவில் நடந்தாலே நாலைந்து பின்தொடரும். அருளுடைமை.”

“வேற எதாச்சும் உயிர் நாடுதா? மாடு, ஆடு?”

“பூனை மட்டும்தான்” என்றார் சபாநாயகம், கொஞ்சம் யோசித்து.

செம்பியன் டிரையரைச் சுற்றி வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தார், மூடினார். “புடவைய எப்ப உள்ள வச்சீங்க?”

“நேற்று முன்தினம் மாலை. என் கரங்களால் வைத்து, என் கரங்களால் பொத்தானை அழுத்தினேன். ஆவி எழுந்தது. இன்று காலை திறந்தேன். வெறுமை! இடையில் இந்த அறைக்குள் பெருக்க வந்தவள் இவள் ஒருத்தி.”

லோகநாயகி வாசலிலேயே நின்றாள். அவளை உள்ளே கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. “நா தொவச்சு ஈரத்தோட பக்கெட்டுல வச்சுட்டுப் போறதோட சரி சார். மிஷினத் தொடக் கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு.”

“ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க” என்றார் செம்பியன். “ஆவி எப்படி எழும்புதுன்னு பாக்கணும்.”

“இப்போது ராகு காலம்.”

அன்பரசு கைபேசியைப் பார்த்தான். “முடியப் போவுது சார். உக்காந்துருக்கோம்.”

“பிறகு... வோல்டேஜ் இறங்கும்.”

“ஏறுற வரைக்கும் உக்காந்துருக்கோம்.”

“மதியம் எமகண்டம்!” என்றார் சபாநாயகம். குரல் மேடையை விட்டு ஒரு படி இறங்கியிருந்தது.

செம்பியன் வற்புறுத்தவில்லை. தரையில் ஓடிய ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்புகள். ஜன்னலோரத்தில் தொடங்கி, சோபாவைச் சுற்றி, டிரையரில் ஏறி, ஆவிக்குத் தண்ணீர் ஊற்றும் சின்ன டிராயரின் இடுக்கில் சாரை சாரையாய் நுழைந்து, வயிறு பெருத்து வெளியே வந்துகொண்டிருந்தன. செம்பியன் குனிந்து மோந்து பார்த்தார். அன்பரசுவும் பார்த்தான்.

“மாமா, ஏலக்கா வாசன வருது.”

“பேசாத.”

நிமிரும்போது செம்பியனின் கண் வேட்டிக் கரையில் நின்றது. “அருமையான ஜரிக. பக்கத்துல பாக்கலாமா?” என்று மடிப்பை விரலால் தடவினார். சபாநாயகம் மகிழ்ச்சியோடு காலை இன்னும் முன்னே வைத்தார். பூனை மட்டும் பற்களைக் காட்டி முறைத்தது.

பிறகு செம்பியன் சுவரில் ஒரு படத்தின் முன் நின்றார். சபாநாயகம் ரிப்பன் வெட்டுகிறார், பக்கத்தில் ஒரு பெரிய அதிகாரி. ரிப்பன் வெட்டும் கை ஒன்று. மற்றக் கை ஒரு கைக்குட்டையை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

“ஜலதோஷமா சார்?” என்றான் அன்பரசு.

“கடலூரில்... ஏதோ மகளிர் குழு விழா. அதிகாரி வந்திருந்தார், அதனால் படத்தை மாட்டினேன்” என்றார் சபாநாயகம் அவசரமாக.

செம்பியன் திரும்பினார். “ஐயா, திருட்டுப் போன புடவை கடலூர்ல இருக்கு. இன்னிக்கே மீட்டுடலாம். மீட்கும்போது நீங்க இருக்கணும். பேப்பர்ல போட்டோ வரும்.”

கடலூர் என்றதும் வெளுத்த முகம், போட்டோ என்றதும் சிவந்தது. இரண்டு நிறமும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டின. போட்டோ ஜெயித்தது. சபாநாயகம் வேறு சட்டை மாற்ற உள்ளே போனார்.

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி செம்பியன் உள்ளங்கையை விரித்தார். வெள்ளி நிறத்தில், பொட்டை விடச் சின்னதாய் ஒன்று மின்னியது.

“ஜரிக பிஞ்சு வந்துருச்சா மாமா?”

“மோந்து பாரு.”

அன்பரசு மோந்தான். முகம் மலர்ந்தது. “நெத்திலி!”

“செதிலு. சைவக் குடும்பத்துத் தலைவர் வேட்டி மடிப்புல.”

“அதான் அந்தப் பூனைக்கு அவ்ளோ பக்தி!”

தாட்சாயிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒண்ணும் புரியல சார்.”

“அந்த மிஷின் ஓடறதே இல்லம்மா. ஆவி போற குழாயில எறும்பு குடும்பம் நடத்த முடியாது. ஆனா இந்த மழையிலயும் அவரு வேட்டி மொடமொடன்னு காஞ்சிருக்கு. அப்ப வேற எங்கயோ காயுது. கருவாடு காயற எடத்துல காயுது. கடலூர் போட்டோவுல மூக்கப் பொத்திட்டு நிக்கிறாரே, அங்க. உன் புடவையும் அங்கதான் போயிருக்கு.”

“என் கூறப்பொடவ...” தாட்சாயிணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “கருவாட்டோடயா?”

செம்பியன் வாசலில் நின்ற காரை நோக்கி நடந்தார்.

*

காரை ஓட்டியவன் சபாநாயகத்தின் டிரைவர் கதிர்வேல். முன் இருக்கையில் சபாநாயகம், மடியில் ஒரு புதுப் பொன்னாடை; மீட்பு விழாவில் யாருக்காவது போர்த்த வேண்டியிருக்கும் அல்லவா. பின்னால் நெருக்கியடித்து மற்ற நால்வர். லோகநாயகி தனக்கு இடம் வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்றாள். தாட்சாயிணி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“எங்க சார் போவணும்?” என்றான் கதிர்வேல்.

“கடலூர்” என்றார் செம்பியன். “அதுக்கு மேல நான் வழி சொல்ல மாட்டேன். நீங்க வழக்கமா எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க.”

கதிர்வேல் கண்ணாடியில் பார்த்தான். லோகநாயகியின் முகம் தெரிந்தது. பிறகு அவன் யாரையும் கேட்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியது, ஆலப்பாக்கம் தாண்டியது. சபாநாயகம் ஊரைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் நிறுத்தாமல் உரையாற்றினார். பழைய டவுனான கடலூர் ஓ.டி. நெருங்க நெருங்க உரை சுருங்கியது. நேரே போனால் பெரிய ரோடு. கதிர்வேல் இண்டிகேட்டரைப் போட்டுத் துறைமுகம் பக்கம் திருப்பினான்.

“ஏண்டா இங்க திருப்புற?” மேடைத்தமிழ் மொத்தமும் வண்டியிலிருந்து கீழே விழுந்தது. “நேரா போடா!”

“வழக்கப்படி போச்சொன்னாங்கய்யா” என்றான் கதிர்வேல். “நம்ம வழக்கம் இதானே? தெனம் ஒரு மூட்ட ஈரத்துணி, மறுநாள் ஒரு மூட்ட காஞ்சது.”



“சொல்லிடுங்க சார்” என்றார் செம்பியன் மெதுவாக. “அந்தத் தண்ணி டிராயர்ல என்ன ஊத்துனீங்க?”

சபாநாயகம் பொன்னாடையின் குஞ்சத்தை முறுக்கினார். “புதுசா ஒரு வீட்டுக்குப் போனா பால் காச்சறோம்ல... புது அடுப்புலயும் மொதல்ல பால்தான். இதுவும் ஆவி வர்ற பொருளாச்சே. தண்ணிய ஊத்திச் சுடவைக்கிறது அபசகுனம்னு... ஒரு லிட்டரு. ஏலக்கா, கல்கண்டு போட்டு.”

“பொங்குச்சா?”

“ஒரு தடவ பொங்குச்சு. தெருவே கை தட்டுச்சு. அப்பறம் ‘டொக்’குன்னுச்சு. அதோட சரி.”

அன்பரசு வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். தோள் மட்டும் குலுங்கியது. “பொறந்த அன்னிக்கே பால் ஊத்திட்டாரு மாமா.”

“மெக்கானிக்க கூப்புட்டிருக்கலாமே, சபாநாயகம் மாமா?” என்றாள் தாட்சாயிணி.

“வந்தா என்ன ஊத்துனீங்கன்னு கேப்பான். ஊருக்கே சொல்லுவான். தெருவுல அத்தன பேரு முன்னால உன் பொடவைக்கு நான் வாக்கு குடுத்துட்டேம்மா...”

“அதுக்கு என் பேரக் குடுத்தீங்களா?” என்றாள் லோகநாயகி. வண்டியில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

*

‘மகளிர் குழு கருவாடு உலர்த்தும் கூடம்’ என்று போர்டு இருந்தது. உள்ளே அலமாரி உயரத்துக்கு ஒரு பெரிய மின்சார உலர்த்தி. வாசலில் நின்ற பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் கைபேசி, குரலில் ஒலிபெருக்கி.

“யாரு, தலைவரா? வாங்க, வாங்க! நேர்ல வந்தாதான் பொடவன்னு நேத்து சொல்லி அனுப்புனேன். வந்துட்டீங்களே!”

“நீங்கதான் இங்க பொறுப்பா?” என்றார் செம்பியன்.

“ஆமா, ஜான்சி. கொழம்புக் கருவாடா, வறுவலா?”

தாட்சாயிணி யாருக்கும் காத்திராமல் உள்ளே ஓடி உலர்த்தியின் கதவைத் திறந்தாள். தட்டுத் தட்டாக நெத்திலி. மேல்தட்டில் நெத்திலி, நடுத்தட்டில் நெத்திலி, அடித்தட்டில் வாளை. நீராவியோடு எழுந்த வாசனையில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எது வாசனைக்கு, எது புடவைக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“எங்க என் பொடவ?”

“இதுல ஏம்மா தேடுற? புயல் கூண்டு ஏத்துனாங்க, மீன் புடிக்கப் போட்டு போவல, மிஷினு சும்மா கெடந்துச்சு. அதுவரைக்கும் தலைவரு வேட்டி சட்டையெல்லாம் இதுலதான். முந்தாநாள் கூண்ட எறக்கிட்டாங்க, மீனு வந்துருச்சு.”

“அப்ப பொடவ?”

ஜான்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் பாதியாகக் குறைந்தது. “உன்னுதா? ஓரத்துல மஞ்ச தடவியிருந்துச்சு. கல்யாணப் பொடவன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. இந்தத் தம்பி ‘ஐயா வூட்டுது’ன்னான். தலைவருக்குப் பொண்ணே கெடையாதே! யாரு வூட்டுப் பொண்ணு பொடவன்னு அவரே வந்து சொல்லட்டும்னு கையில குடுக்கல. வா.”

கூடத்துக்குப் பின்னால்தான் அவள் வீடு. சமையலறைக்குப் பக்கத்தில் பழைய பெட்ஷீட் போர்த்திய ஏதோ ஒன்று. மேலே ஒரு பிளாஸ்டிக் கூடை, அதில் வெங்காயம். ஜான்சி கூடையை இறக்கி, பெட்ஷீட்டை உருவினாள்.

அன்பரசு வாயைப் பிளந்தான். சபாநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

அதே கம்பெனி. அதே மாடல். விபூதி இல்லை, மாலை இல்லை. ஸ்டீம் டிரையர்.

“இ... இது எப்ப வாங்குனீங்க?” என்றார் சபாநாயகம்.

“போன வருஷமே.”

மேலவீதியின் பெருமை சத்தமில்லாமல் கடலூருக்கு இடம் மாறியது.

“எம் பொண்ணு உங்க ஊர்லதான் படிக்கிறா. அண்ணாமலை நகரு ஹாஸ்டல்ல” என்றாள் ஜான்சி. “லீவுக்கு வந்து துணி தொவச்சு எடுத்துட்டுப் போவா. இங்க எந்தக் கொடியில போட்டாலும் கருவாட்டுக் காத்துதான். கிளாஸ்ல பக்கத்து சீட்டுப் புள்ளைங்க தள்ளி உக்காந்துச்சுங்களாம். என்கிட்ட சொல்லல அவ. லீவுக்கு வர்றதயே நிறுத்திட்டா. அப்பறம் காரணத்தக் கண்டுபுடிச்சு இத வாங்குனேன். ஆவி காட்டுனா வாசனையெல்லாம் போயிருது. இப்ப வாரா வாரம் வர்றா.”

கதவைத் திறந்தாள். அரக்குப் பட்டு, நேர் மடிப்பில், உள்ளே இருந்தது. தாட்சாயிணி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் எடுக்கவில்லை.

“வாசன வருதா?” என்றான் அன்பரசு, பயந்துகொண்டே.

“மஞ்ச வாசன” என்றாள் அவள், புடவைக்குள்ளிருந்து.

சபாநாயகம் தொண்டையைக் கனைத்தார். ஒரு சந்தேகம் அவரை அரித்தது. “ஏம்மா ஜான்சி, இது வீட்ல இருக்கும்போது... என் வேட்டியெல்லாம் ஏன் நெத்திலித் தட்டுல...”

“ரிப்பன் வெட்ட வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? கர்ச்சீப்ப மூக்குலேர்ந்து எடுக்கவே இல்ல. ‘இந்தச் சகோதரிகளின் உழைப்பு மணக்கிறது’ன்னு மைக்ல பேசுனீங்க, கர்ச்சீப்புக்குள்ளேர்ந்தே. சரி, அந்த மணம் தலைவருக்கும் கொஞ்சம் போயி சேரட்டும்னுதான்.”

கதிர்வேல் சிரிப்பை அடக்கக் கூடையிலிருந்த வெங்காயத்தை எண்ணத் தொடங்கினான்.

சபாநாயகம் நிலைமையைச் சமாளிக்கத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். பொன்னாடையை விரித்து, ஒரு காலை முன்னே வைத்து, “இத்தருணத்தில் சகோதரி ஜான்சி அவர்களுக்கு...” என்று தொடங்கினார்.

“எனக்கு வேணாம்” என்றாள் ஜான்சி. “அந்தா நிக்கிது பாருங்க, அதுக்கு மொதல்ல என்னா சொல்லப் போறீங்க?”

வாசற்படிக்கு வெளியே லோகநாயகி மழையில் நின்றுகொண்டிருந்தாள். பழக்கம், யாரும் கூப்பிடாமல் அவள் எந்த வீட்டுக்குள்ளும் வருவதில்லை.

சபாநாயகம் பொன்னாடையை மடித்தார். அவருக்கு மன்னிப்பு உரை எழுதிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை. வெளியே இறங்கி மழையில் நின்றார். பட்டுவேட்டி நனைந்தது.

“தப்புதாம்மா” என்றார். “பெரிய தப்பு. உள்ள வா.”

“வர்றேன்” என்றாள் லோகநாயகி. “நாளைக்கி கல்யாணத்துல, தெருக்காரங்க முன்னால, இதயே மைக்ல சொல்லுங்க. அங்க ஆள் ஜாஸ்தி. அப்ப உங்க வூட்டுக்கும் வர்றேன். இன்னொண்ணு. இனிமே துணிய நான் மாடியிலதான் காயப் போடுவேன்.”

சொன்னார். முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு முன்னால், பாலில் தொடங்கி நெத்திலி வரைக்கும். வாழ்க்கையில் அவர் பேசிய மிகச் சிறிய உரை அதுதான். மிகப் பெரிய கைத்தட்டலும் அதற்குத்தான். முதல் வரிசையில் லோகநாயகியும் ஜான்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அரக்குப் பட்டில் தாட்சாயிணி குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வெயில் வந்தது. செம்பியனும் அன்பரசுவும் மேலவீதி வழியே டீ குடிக்கப் போனபோது, சபாநாயகம் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் பட்டுவேட்டிகள் தெருவே பார்க்கப் பறந்துகொண்டிருந்தன. நிழலில் ஒரு நாற்காலி போட்டு, கையில் நீளக் குச்சியோடு சபாநாயகம் காவல் இருந்தார்.

“காக்காவுக்கா சார்?” என்று கீழிருந்து கத்தினான் அன்பரசு.

சபாநாயகம் குச்சியால் கைப்பிடிச் சுவரைக் காட்டினார். வரிசையாக ஆறு பூனைகள் அமர்ந்து, வேட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.